கொதிநீர்ச் சோதனை

ஆம்பூரிலோ பேரணாம்பட்டிலோ ஒரு தோல் ஷாப்புக்குள் நுழைந்தால் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் வேலையைத் தொடங்கும். சுண்ணாம்புத் தொட்டியின் நெடி, ஈர மரத்தின் வாடை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு புளித்த வாசனை. அது பழகிய பிறகுதான் ஆள் உயரத்துக்கு மேல் சுழலும் மர டிரம்கள் தெரியும். சுண்ணாம்பில் முடி கழிந்து, வெள்ளையாக வழவழவென்று உள்ளே போன ஆட்டுத்தோல், குரோம் உப்புக் கரைசலில் மணிக்கணக்கில் உருண்டுவிட்டு வெளிர்நீலமாக வெளியே வருகிறது. ‘வெட் ப்ளூ’ என்று அதற்குப் பெயர்.

நிறம் ஏறிவிட்டது. பதம் ஏறியதா? அதைக் கண்டுபிடிக்க ஒரு பழைய வழி இருக்கிறது. தோலில் ஒரு சின்னத் துண்டை வெட்டுவார்கள். தாளின் மேல் வைத்து அதன் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போடுவார்கள். பிறகு அந்தத் துண்டு கொதிக்கும் தண்ணீருக்குள் போகும். இரண்டு மூன்று நிமிஷம் கழித்து எடுத்து, போட்ட கோட்டின் மேலேயே திரும்ப வைத்துப் பார்ப்பார்கள். துண்டு கோட்டோடு பொருந்தினால் தோல் தேறிவிட்டது. சுருண்டு கோட்டுக்குள் ஒடுங்கிவிட்டால் டிரம் இன்னும் ஓட வேண்டும்.

இதில் மின்சாரக் கருவி எதுவும் இல்லை. செலவு ஒரு துண்டுத் தோல். பதில் கிடைக்கும் நேரம் டீ ஆறும் நேரத்தைவிடக் குறைவு. சுருங்கியது என்றால் சுருங்கியதுதான். அதற்கு மேல் யாரும் வாதாடுவதில்லை.

புற்றுநோய் மருத்துவம் பல பத்தாண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பது இப்படி ஒரு சோதனையைத்தான். நோயாளியின் கட்டியிலிருந்து ஒரு துண்டு. அதன் மேல் மருந்து. உடம்புக்குள் மருந்து ஏறுவதற்கு முன்பே ஒரு பதில். இந்தியாவின் பல்கலைக்கழக வளாகங்களில் ஆய்வு மாணவர்களும் அப்போதுதான் படிப்பை முடித்தவர்களும் தொடங்கும் சிறு உயிர்த்தொழில்நுட்ப நிறுவனங்களில் சில, இந்தத் தேடலில்தான் இறங்கியிருக்கின்றன. அந்தத் தேடல் எங்கே வந்து நிற்கிறது என்று பார்க்கக் காட்பாடியைப்போல் தோதான ஊர் குறைவு.

இருபத்தொரு நாள் கணக்கு

காட்பாடி ஜங்ஷனில் ஹவுரா பக்கமிருந்தோ தன்பாத் பக்கமிருந்தோ வரும் ரயில் நிற்கும்போது இறங்குகிறவர்களைக் கவனியுங்கள். பெட்டி படுக்கையோடு எக்ஸ்ரே, ஸ்கேன் உறைகளைத் திணித்த பிளாஸ்டிக் பை ஒன்றும் கையில் இருக்கும். ஆட்டோக்காரர் ‘சிஎம்சி?’ என்று கேட்கக்கூட வேண்டாம். பாலாற்றுப் பாலத்தைத் தாண்டி வேலூர் நகருக்குள் போனால், ஐடா ஸ்கடர் 1900-இல் தொடங்கிய அந்த மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் லாட்ஜ் பலகைகள் வங்காள எழுத்திலும் இந்தியிலும் இருக்கும். மாதக்கணக்கில் தங்குகிறவர்களுக்காகச் சமையலறையோடு அறைகள், மீன்குழம்பும் சோறும் தரும் வங்காளச் சாப்பாட்டுக் கடைகள் என்று ஒரு தனி உலகமே அங்கே இயங்குகிறது.

அந்த அறைகளின் காலண்டர்களில் பலவும் இருபத்தொரு நாளுக்கு ஒரு தடவை வட்டமிடப்பட்டிருக்கும். கீமோ மருந்துகள் பலவற்றை மூன்று வாரத்துக்கு ஒரு சுற்று என்று கொடுப்பது வழக்கம். இரண்டு மூன்று சுற்று முடிந்ததும் ஸ்கேன். கட்டி சுருங்கியிருந்தால் அதே மருந்து தொடரும். அப்படியே இருந்தாலோ வளர்ந்திருந்தாலோ மருந்தை மாற்றுவார்கள்.

மருந்து கேட்கவில்லை என்று தெரிவதற்குள் ஏறக்குறைய இரண்டு மாதம் போய்விடும். அதற்குள் முடி கொட்டியிருக்கும், வெள்ளணுக்கள் குறைந்திருக்கும், ஊரில் ஒரு நிலத்துண்டு கைமாறியிருக்கும். கட்டிக்கும் இரண்டு மாத அவகாசம் கிடைத்திருக்கும். தோல் ஷாப்பில் ஒரு மூலையை வெட்டிக் கொதிநீரில் போடுகிறோம். இங்கே முழுத் தோலையும் கொதிநீரில் போட்டுவிட்டு, என்ன ஆகிறது என்று காத்திருக்கிறோம்.

எல்லா மருந்துக்கும் இதே நிலைமை என்று சொல்ல முடியாது. மார்பகப் புற்றில் ஹெர்2 என்ற புரதம் மிகுந்திருந்தால் டிராஸ்டுசுமாப் கொடுக்கலாம் என்பது 1998-லிருந்து நடைமுறை. ஹார்மோன் ஏற்பிகளைப் பார்த்து மாத்திரை எழுதுவது அதற்கும் முந்தியது. குறிப்பிட்ட ஒரு புரதத்தைக் குறிவைக்கும் மருந்துக்கு, அந்தப் புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் பெரும்பாலும் வழி தெரிந்துவிடும். ஆனால் சிஸ்பிளாட்டின், பாக்ளிடாக்சல் போன்ற பொதுவான கீமோ மருந்துகளுக்கு அப்படி நம்பகமான முன்னறிவிப்பு பெரும்பாலான புற்றுகளில் இன்னும் இல்லை. யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்பது கொடுத்துப் பார்த்த பிறகே தெரிகிறது.

மஞ்சள் இருந்தால் மரணம்

வெளியே வைத்துப் பார்க்கலாமே என்ற யோசனை புதிதில்லை. 1951-இல் பால்டிமோரில் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து எடுத்த செல்கள் கண்ணாடிக் குழாய்க்குள் ஓயாமல் பெருகத் தொடங்கின. மனிதப் புற்றுச்செல்களை ஆய்வகத்தில் வளர்க்கலாம் என்று உறுதியானதும், அவற்றின் மேல் மருந்தை ஊற்றிப் பார்ப்பது அடுத்த படி. 1977-இல் அமெரிக்காவின் அரிசோனாவில் ஹாம்பர்கரும் சால்மனும் நோயாளிகளின் கட்டிச் செல்களை அகர் கூழில் வளர்த்துக் காட்டினார்கள். அதன் மேல் மருந்துகளைச் சோதிக்க முயன்றபோது பெரிய நம்பிக்கை கிளம்பியது. ஆனால் பல கட்டிகள் அந்தக் கூழில் வளரவே மறுத்தன.

1983-இல் டிம் மோஸ்மன் ஒரு எளிய வழி சொன்னார். இன்று உயிர்த்தொழில்நுட்பம் படிக்கும் மாணவர்கள் கை பழகும் முதல் சோதனைகளில் அதுவும் ஒன்று: எம்டிடி. உள்ளங்கையளவு பிளாஸ்டிக் தட்டு. எட்டு வரிசை, பன்னிரண்டு பத்தி, மொத்தம் 96 குழிகள். ஒவ்வொன்றிலும் சில ஆயிரம் செல்கள். இடமிருந்து வலமாக மருந்தின் அளவு கூடிக்கொண்டே போகும். இரண்டு மூன்று நாள் கழித்து ஒரு மஞ்சள் திரவத்தைச் சொட்டுவார்கள். உயிரோடிருக்கும் செல் அந்த மஞ்சளைத் தின்று ஊதாப் படிகமாக மாற்றிவிடும். செத்த செல்லால் முடியாது. படிகத்தைக் கரைத்ததும் தட்டு முழுக்கக் கத்தரிப்பூ நிறம் ஒரு பக்கம் அடர்ந்தும் மறுபக்கம் வெளுத்தும் நிற்கும். எந்தக் குழியில் ஊதா பாதியாகக் குறைகிறதோ அந்தக் குழியின் மருந்தளவுதான் வீரியத்தின் கணக்கு.

பார்க்க அழகான சோதனை. ஆனால் அது சொல்லும் பதிலில் இரண்டு ஓட்டைகள். ஊதா நிறம் காட்டுவது செல்லின் செரிமானத்தை. அதன் ஆயுளை அல்ல. மருந்தைக் கண்டு சுருண்டு உறங்கும் செல்லும் வெளுப்பாகத்தான் தெரியும். மருந்து நின்ற பிறகு அது விழித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. தட்டில் பரப்பிய செல், உடம்பில் இருக்கும் செல்லைப் போல் நடந்துகொள்வதில்லை.

அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் இப்படிப்பட்ட சோதனைகள் அனைத்தையும் 2004-இல் அலசிப் பார்த்தது. மருத்துவ ஆய்வுக்கு வெளியே, வழக்கமான சிகிச்சையில், இவற்றை நம்பி மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதுதான் அதன் முடிவு. 2011-இல் மறுபடி பார்த்தபோதும் அந்த முடிவு மாறவில்லை. கருவிகள் இருந்தன, நிறங்கள் மாறின, எண்கள் வந்தன. அந்த எண்ணை நம்பி மருந்து கொடுத்தால் நோயாளி கூடுதல் நாள் வாழ்கிறாரா என்ற கேள்விக்கு மட்டும் போதிய விடை இல்லை.

கங்காரு வாலில் ஒரு கயிறு

தட்டில் இருக்கும் செல் ஏன் பொய் சொல்கிறது? இதற்கு விடை தேடித் தோல் ஷாப்புக்கே திரும்ப வேண்டும்.

தோல் என்று நாம் சொல்வது பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதம். உடம்பின் புரதங்களில் மிக அதிகமாக இருப்பதும் அதுதான். எலும்பு, தசைநார், ஈறு, ரத்தக்குழாயின் சுவர் என்று எதை எடுத்தாலும் செல்களுக்கு இடையில் கட்டிய பந்தல் அது. அதன் வடிவம் முதன்முதலில் தெளிவானது சென்னையில். 1952-இல் மெட்ராஸ் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்கு வந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவோடு சேர்ந்து கொலாஜன்மீது எக்ஸ்கதிரைச் செலுத்திப் படமெடுத்தார். 1948-இல் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் பக்கத்திலேயே இருந்ததால் கொலாஜன் மாதிரிகள் கிடைப்பது சுலபமாயிற்று. கங்காருவின் வால் தசைநாரும் ஆய்வுக்கு வந்து சேர்ந்தது. மூன்று இழைகள் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்ட கயிறு என்று 1954-இலும் 1955-இலும் ‘நேச்சர்’ இதழில் அவர்கள் எழுதினார்கள். தோல் ஆராய்ச்சிக்கும் உயிரியற்பியலுக்கும் நடுவே ஒரு மதில் சுவர் தூரம்தான் என்பதை அந்தக் கயிறு காட்டியது.

கொதிநீர்ச் சோதனை வேலை செய்வதும் அந்தக் கயிற்றால்தான். பச்சைத் தோலின் கொலாஜன் ஏறத்தாழ 60-65 டிகிரி வெப்பத்திலேயே முறுக்கு அவிழ்ந்து சுருங்கி, கடைசியில் பசையாகிவிடும். குரோமியம் கயிற்றுக்குக் கயிறு முடிச்சுப் போட்டுவிட்டால் 100 டிகிரியிலும் முறுக்கு அவிழாது. மூலக்கூறு அளவில் நடந்ததைப் பென்சில் கோடு காட்டிக்கொடுக்கிறது.

கட்டிக்குள்ளும் இதே கயிறு இருக்கிறது. மார்பகத்திலோ கணையத்திலோ கைக்குக் கல்லைப்போல் தட்டுப்படும் கட்டியின் இறுக்கத்தில் பெரும்பங்கு செல்களுக்குரியதல்ல; செல்களைச் சுற்றி மண்டிய கொலாஜனுக்குரியது. அந்தப் பின்னல் மருந்தை உள்ளே விடாமல் தடுக்கிறது. சில சமயம் புற்றுச்செல் அந்த இழைகளைத் தண்டவாளமாகப் பிடித்துக்கொண்டு வெளியேயும் நகர்கிறது. ரத்தக்குழாயிலிருந்து ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்கு தூரம் தாண்டினால் ஆக்சிஜன் எட்டாது. அங்கே இருக்கும் செல்கள் பட்டினியில் பிளவுபடாமல் கிடக்கும். பிளவுபடும் செல்லை மட்டும் தாக்கும் கீமோ மருந்துக்கு அவை தென்படாது. கெட்டியான பிளாஸ்டிக்கில், வயிறார உணவோடு, ஒரே அடுக்காகப் பரந்து கிடக்கும் தட்டுச் செல்லுக்கு இந்த வாழ்க்கை எதுவும் தெரியாது. 1997-இல் அமெரிக்காவில் மீனா பிசெல் குழுவினர், முப்பரிமாணக் கூழுக்குள் வளர்த்த மார்பகப் புற்றுச்செல்களுக்கும் சுற்றியுள்ள பின்னலுக்கும் இடையிலான ஒரே ஒரு பிடிமானத்தை அடைத்தார்கள். புற்றுச்செல்கள் ஒழுங்கான செல்களைப்போல் அடுக்கி நின்றன. அவற்றின் மரபணு மாறவில்லை, மாறியது பிடிமானம் மட்டும்.

ஆகவே செல்லைச் சோதிக்க வேண்டுமானால், அது குடியிருந்த வீட்டையும் கூடவே கொண்டுவர வேண்டும்.

குட்டி உறுப்புகள்

2009-இல் நெதர்லாந்தில் டோஷிரோ சாடோவும் ஹான்ஸ் கிளெவர்ஸும் எலியின் குடலிலிருந்து ஒற்றை ஸ்டெம் செல்லை எடுத்து ஒரு கூழுக்குள் வைத்தார்கள். அது தானாகவே மடிப்பும் குழிவும் கொண்ட குட்டிக் குடலாக வளர்ந்தது. ஆர்கனாய்டு என்று இதைச் சொல்கிறோம். நோயாளியின் கட்டியிலிருந்தும் இப்படிக் குட்டிக் கட்டிகளை வளர்க்கலாம் என்பது சீக்கிரமே தெளிவானது.

2018-இல் ‘சயின்ஸ்’ இதழில் லண்டன் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பரவிவிட்ட குடல், இரைப்பைப் புற்று நோயாளிகளின் பயாப்சித் துண்டுகளிலிருந்து ஆர்கனாய்டு வளர்த்து, அதே நோயாளிகளுக்குக் கொடுத்த மருந்துகளை அவற்றின் மேலும் சோதித்து, இரண்டையும் ஒப்பிட்டார்கள். குட்டிக் கட்டியில் மருந்து வேலை செய்தபோது, 88 சதவீதம் நோயாளியிடமும் வேலை செய்தது. குட்டிக் கட்டியில் வேலை செய்யாதபோது, நோயாளிகளில் ஒருவரிடம்கூட அது வேலை செய்யவில்லை. ஒப்பிட்டவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதை மறக்கக் கூடாது. ஆனாலும் அந்த இரண்டாவது எண்தான் தோல் ஷாப்பை நினைவூட்டுகிறது. ‘இல்லை’ என்றால் இல்லை.

இந்தக் குட்டி உறுப்புகள் வளரும் கூழுக்கு மேட்ரிஜெல் என்று வணிகப் பெயர். எலியின் ஒரு வகைப் புற்றுக்கட்டியிலிருந்து பிரித்தெடுப்பது. பத்து மில்லி குப்பிக்குப் பல ஆயிரம் ரூபாய் ஆகும். உறைநிலையில்தான் பயணம் செய்யும். குளிரில் திரவமாக இருப்பது, பத்து டிகிரியைத் தாண்டியதும் கெட்டியாகத் தொடங்கும். அதனால் பிப்பெட் முனைகளைக்கூட முன்கூட்டியே ஃப்ரீஸரில் வைத்துவிட்டு, ஐஸ் பெட்டிக்கு மேலேயே கையை வைத்துக்கொண்டு, ஒரே மூச்சில் சொட்டு வைக்க வேண்டும். நடுவில் தும்மினால் கூழ் முனைக்குள்ளேயே இறுகிவிடும். நாற்பது டிகிரி காயும் வேலூர் மே மாதத்தில், கரண்ட் போன ஒரு மதியத்தில், இது என்ன பாடு படுத்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இங்கேதான் தோல் வட்டாரத்துக்கு ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. முப்பரிமாணச் செல் வளர்ப்புக்கு உலகச் சந்தையில் விற்கும் தூய கொலாஜன் கரைசல்களில் ஒரு வகை மாட்டுத்தோலிலிருந்தே எடுக்கப்படுகிறது. நீர்த்த அமிலத்தில் கரைத்து, குளிரில் வைத்திருந்து, அமிலத்தன்மையைச் சமன் செய்து 37 டிகிரிக்குக் கொண்டுவந்தால் அரைமணி நேரத்துக்குள் அது தானே பின்னிக்கொண்டு கூழாகிவிடும். தோலிலிருந்து எடுத்த கொலாஜனைக் காயத்துக்குப் போடும் மருத்துவ ஏடாக மாற்றும் வித்தை சென்னைத் தோல் ஆராய்ச்சி நிறுவனத்துக்குப் பழக்கமானது. மேட்ரிஜெல்லுக்கு அப்படியே மாற்று என்று இதைச் சொல்ல முடியாது. அதில் வேறு புரதங்களும் சேர்ந்திருக்கின்றன. ஆனால் மார்பகம், கணையம் போன்ற கட்டிகளைச் சுற்றி மண்டுவது தோலில் இருக்கும் அதே வகைக் கொலாஜன்தான்.

ஒரு நிபந்தனை: குரோமியம் தொடுவதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். இந்த வட்டாரத்துக்குக் குரோமியத்தைப் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. டிரம்மில் இருக்கும் குரோமிய உப்பு ஒரு ரகம். அதைத் தயாரிக்கும் வழியில் வரும் ஆறு இணைதிற குரோமியம் வேறு ரகம். பின்னது மூச்சில் போனால் நுரையீரல் புற்றை உண்டாக்கும் என்பது உறுதியான செய்தி. ராணிப்பேட்டையில் 1976-லிருந்து 1995 வரை ஓடிய குரோமேட் ஆலை மூடப்பட்டபோது, இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு அங்கேயே குவிந்து கிடந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாற்றுக்கு நேர்ந்ததை வைத்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசு செய்தவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கையை 1996-இல் உச்ச நீதிமன்றம் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. அந்தக் கடனில் ஒரு சிறு தவணையாக, இதே தோலிலிருந்து புற்றைச் சோதிக்கும் கூழ் கிடைத்தால் அது பொருத்தமாகவே இருக்கும்.

ஐந்து டாலர் வீடு

கூழுக்கு அடுத்தது அதை வைக்கும் பாத்திரம். 2010-இல் ஹார்வர்டில் டொனால்டு இங்பர் குழுவினர் சிலிக்கோன் ரப்பரில் ஒரு நுரையீரலைக் காட்டினார்கள். பென் டிரைவ் அளவு சில்லு. நடுவே ஓட்டையுள்ள மெல்லிய சவ்வு. ஒரு புறம் நுரையீரல் செல், மறுபுறம் ரத்தக்குழாய்ச் செல். பக்கவாட்டில் காற்றை உறிஞ்சினால் சவ்வு விரிந்து சுருங்கி மூச்சுவிடும். சில்லுமேல் உறுப்பு என்ற துறை அதிலிருந்து வேகம் பிடித்தது.

இதுபோன்ற கருவிகள் விலை அதிகம் என்று கைகட்டி நிற்காமல், சென்னை ஐஐடியில் வளர்ந்த இஸ்மோ பயோ-ஃபோட்டானிக்ஸ் என்ற தொடக்க நிறுவனத்தின் இக்ரம் கானும், பேராசிரியர் அனில் பிரபாகரும், அமெரிக்காவின் எம்ஐடி ஆய்வாளர்களோடு சேர்ந்து ஒரு வழி கண்டார்கள். பல் மருத்துவர்கள் பயன்படுத்தும், உடம்புக்கு ஒவ்வாமை தராத பிசினை முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் கொடுத்து, உள்ளங்கைக்குள் அடங்கும் வளர்ப்பறை ஒன்றை அச்சிட்டார்கள். குழிகளுக்கு மேல் கண்ணாடிச் சில்லு மூடி. உணவும் மருந்தும் போக ஓரத்தில் சிறு துளைகள். மூளை ஆர்கனாய்டு ஒன்று அதற்குள் ஏழு நாள் வளர்வதை, எடுத்து வெளியே வைக்காமலே, நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2021-இல் வெளியான அந்த வளர்ப்பறையின் அடக்கவிலை ஏறத்தாழ 5 டாலர். கழுவி, கிருமி நீக்கி மறுபடி பயன்படுத்தலாம். அங்கே வளர்ந்தது மூளைத் திசு என்றாலும், பாத்திரத்துக்குக் குடியிருப்பவர் யாரென்று பேதமில்லை. புற்றுநோய் மருந்துகளைச் சோதிப்பதும் அவர்கள் சொன்ன பயன்களில் ஒன்று.

பெங்களூருவில் இந்திய அறிவியல் கழக மாணவர்களாக இருந்த துஹின் பௌமிக்கும் அருண் சந்துருவும் 2011-இல் பாண்டோரம் டெக்னாலஜிஸ் தொடங்கினார்கள். 2015-இல் மனிதக் கல்லீரல் திசுவை அச்சிட்டதாக அறிவித்தார்கள். முதல் பயன் மருந்துச் சோதனை. அதே பெங்களூருவில் மித்ரா பயோடெக் என்ற நிறுவனம் வேறு பாதையில் போனது. கட்டியைச் செல்செல்லாகப் பிரிக்காமல் மெல்லிய சீவலாகவே வைத்துக்கொண்டது. அந்தக் கட்டிக்கு ஏற்ற பின்னல் புரதங்களைத் தட்டில் பூசி, நோயாளியின் சொந்த ரத்தச் சீரத்தையே ஊற்றி, மருந்தைச் சோதித்தது. தலை-கழுத்துப் புற்று, பெருங்குடல் புற்று நோயாளிகளில் அது சொன்ன கணிப்பை உண்மையில் நடந்ததோடு ஒப்பிட்ட கட்டுரை 2015-இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்தது. வீட்டோடு செல்லைக் கொண்டுவருவது என்று நாம் சொன்னதன் நேரடி உதாரணம் இது.

நான்கு கடிகாரங்கள்

மறுபடியும் காட்பாடி. 1984-இல் ஜி. விஸ்வநாதன் தொடங்கிய வேலூர் பொறியியல் கல்லூரி இன்று விஐடி பல்கலைக்கழகம். அதன் தொழில் அடைகாப்பகம் 2003-லிருந்து இயங்குகிறது. வடக்கே மாணவர்களும் ஆய்வகமும். ஆற்றுக்குத் தெற்கே நோயாளிகளும் அறுவை அரங்குகளும். கிழக்கிலும் மேற்கிலும் தோல். ஒரு கட்டித் துண்டைச் சோதிக்கத் தேவையான மூன்றும் ஒரு பஸ் தூரத்தில் இருக்கும் ஊர் எத்தனை? இப்படி ஒரு ஊரில் ஒரு மாணவர் குழு இன்று நிறுவனம் தொடங்குவதாக வைத்துக்கொள்வோம். சில்லு அவர்களுக்குப் பெரிய பிரச்சினையாக இருக்காது. அவர்கள் நான்கு கடிகாரங்களோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கும்.

முதல் கடிகாரம் கட்டியுடையது. அறுவை அரங்கில் வெட்டிய நிமிஷத்திலிருந்து துண்டு சாகத் தொடங்கும். குளிர்ந்த ஊடகத்தில் போட்டு, ஐஸ் பெட்டியில் வைத்து, ஓரிரு மணி நேரத்துக்குள் ஆய்வக மேசைக்கு வர வேண்டும். அதற்கு முன்னால் நோயியல் மருத்துவர் தன் பங்கை எடுத்திருக்க வேண்டும். நோயாளி தன் மொழியில் எழுதப்பட்ட ஒப்புதல் படிவத்தைப் புரிந்து கையெழுத்திட்டிருக்க வேண்டும். வேலூரில் அந்த மொழி வங்காளமாகவோ அசாமியாகவோ இருக்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதி இதற்கெல்லாம் முந்தியது.

இரண்டாவது மருத்துவருடையது. பயாப்சி வந்து கீமோ தொடங்க ஒன்றிரண்டு வாரம்தான் இடைவெளி. ஆர்கனாய்டு போதிய அளவு வளர்வதற்குப் பெரும்பாலும் அதைவிட அதிக வாரங்கள் ஆகும். மருந்து ஏறிய பிறகு வரும் சரியான பதில், தேர்வு முடிந்த பிறகு வரும் வினாத்தாள்.

மூன்றாவது மாணவருடையது. எட்டு செமஸ்டர். ஆறாவது செமஸ்டரில் யோசனை, ஏழாவதில் பரிசு, எட்டாவதில் கேம்பஸ் இன்டர்வியூ. மத்திய அரசின் பைராக் நிறுவனம் தரும் ‘பிக்’ மானியம் 50 லட்சம் ரூபாய் வரை, 18 மாதத்துக்கு. யோசனையை முன்மாதிரியாக்க அது நல்ல தொகை. ஆனால் செல் வளர்ப்புக்கான சுத்தக்காற்று அறை, கார்பன் டை ஆக்சைடு இன்குபேட்டர், ஆழ்குளிர்ப் பெட்டி என்று ஒவ்வொன்றும் சில லட்சம். ஒரே ஒரு பூஞ்சை உள்ளே புகுந்தால் மூன்று மாத வேலை ஒரு வார இறுதியில் மேகமூட்டமாகிவிடும்.

நான்காவது, நிரூபணத்தின் கடிகாரம். மாணவர் உழைப்பு நோயாளியை எட்டிய கதையாக ஐஐடி பம்பாயின் இம்யூனோஆக்டைச் சொல்வார்கள். ராகுல் புர்வாரின் ஆய்வகத்தில் ஆராய்ச்சி மாணவர்கள் சேர்ந்து உருவாக்கிய கார்-டி செல் என்ற புற்றுச் சிகிச்சைக்கு 2023 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. ஆய்வக மேசையில் தொடங்கி அதுவரை ஆனது ஏறத்தாழ பத்தாண்டு. நிறுவனம் 2018-இல் பிறந்த பிறகே ஐந்தாண்டு. டாடா நினைவு மருத்துவமனை கூடவே நின்றதால் ஆனது. பட்டம் வாங்கிய பிறகும் விடாமல் இருந்தவர்களால் ஆனது.

சட்டம் இப்போது கதவைத் திறந்து வைத்திருக்கிறது. அமெரிக்கா 2022 டிசம்பரிலும், இந்தியா 2023 மார்ச்சில் புதிய மருந்து விதிகளைத் திருத்தியும், விலங்குகளின்மேல் நடத்தும் சோதனைக்கு மாற்றாகச் செல் சார்ந்த முறைகளையும் உறுப்புச் சில்லுகளையும் ஏற்க இடம் கொடுத்துவிட்டன. புதிய புற்று மருந்துகளில், மனிதர்மேல் சோதிக்கத் தொடங்கிய பிறகு கடைசிவரை தேறுவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. ஆகவே நோயாளியிடம் போவதற்கு முன்பு, மருந்துக் கம்பெனிக்குச் சோதனை செய்து கொடுப்பதில் சிறு நிறுவனங்களுக்குப் பிழைப்பு உண்டு. அங்கே தப்பினால் ஒரு மூலக்கூறு போகும். நோயாளியிடம் தப்பினால் போவது வேறு.

முதலில் கோடு

தோல் ஷாப்பில் அந்தத் துண்டை இன்னொரு முறை பார்ப்போம். சோதனையின் உயிர் கொதிநீரில் இருப்பதாக நினைத்துவிடுகிறோம். கொதிநீரில் போட்ட எந்தத் துண்டும் பார்வைக்குக் கொஞ்சம் மாறித்தான் வரும். ‘சுருங்கவில்லை’ என்று சொல்ல விரும்புகிறவருக்கு அது சுருங்காததாகவே தெரியும். அந்த விருப்பத்துக்கு இடம் கொடுக்காமல் செய்வது, தண்ணீரில் போடுவதற்கு முன்பு தாளில் இழுத்த பென்சில் கோடு.

இருபதாண்டுக்கு முன் அமெரிக்கச் சங்கம் தேடிக் கிடைக்காமல் போனது அந்தக் கோடுதான். இன்றைய சில்லும் ஆர்கனாய்டும் அதைத் தாங்களாகக் கொண்டுவந்துவிடாது. இந்த மருந்து இந்த நோயாளிக்குக் கேட்கும், அது கேட்காது என்று சிகிச்சை தொடங்குமுன்பே எழுதி, உறையிலிட்டு ஒட்டி, மருத்துவருக்கும் சொல்லாமல் வைத்துவிட வேண்டும். ஸ்கேன் வந்த பிறகு பிரித்து, தவறியவற்றையும் சேர்த்து எண்ண வேண்டும். பத்துப் பேரிடம், பிறகு நூறு பேரிடம். அப்படித் தேறிய பிறகுதான், சோதனையை நம்பி மருந்தைத் தேர்ந்தவர்கள் நம்பாதவர்களைவிட நன்றாக வாழ்கிறார்களா என்ற பெரிய கேள்வியைக் கேட்க முடியும். இதில் பரிசுக்கோப்பை இல்லை, புகைப்படமும் இல்லை. ஒட்டிய உறைகளும் தேதி போட்ட நோட்டுப் புத்தகமும்தான் இருக்கும். ஆனால் பென்சில் வாங்க மானியம் தேவையில்லை. அதை எட்டாவது செமஸ்டருக்கு முன்பே தொடங்கிவிடலாம்.